அறுவை நடைபெறும் இடம்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் முடநீக்கியல் சிகிச்சையின் போக்குகள்

ஆய்வுச்சுருக்கம்

எலும்பு, மூட்டு, கை தொடர்பான அறுவைச் சிகிச்சைகள் எங்கு நடைபெறுகின்றன என்னும் வினாவுக்குத் தொலைவும் மருத்துவ வசதியுமே விடையாகச் சொல்லப்படுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் இவ்விடை போதுமானதன்று. காயமுற்றவரின் பணிநிலையும், சிகிச்சைச் செலவை ஏற்கும் அமைப்பும் அறுவையின் இடத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என இக்கட்டுரை விளக்குகிறது. நேரம் கருதிச் செய்யவேண்டிய கை அறுவையில் இதன் விளைவு நிலையான ஊனமாக முடியக்கூடும் என்பதையும் சுட்டுகிறது.

குறிப்புச் சொற்கள்: முடநீக்கியல், கை அறுவை, தொழிலாளர் அரசுக் காப்பீடு, நம்மைக் காக்கும் 48, ஒரகடம்.

1. முன்னுரை

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் கனரக வாகன ஆலையும் திறக்கப்பட்டன. இவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்கூடங்கள் பெருகின. சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, வண்டலூர் – வாலாஜாபாத் சாலை, சிங்கப்பெருமாள்கோயில் – திருப்பெரும்புதூர் சாலை ஆகிய மூன்றும் இப்பகுதியின் போக்குவரத்தைத் தாங்குகின்றன.

இத்தகைய நிலப்பரப்பில் இருவகைக் காயங்கள் மிகுதி. ஒன்று, சாலை விபத்தில் நேரும் கால், தொடை, இடுப்பெலும்பு முறிவு. மற்றொன்று, எந்திரத்தில் சிக்கி நசுங்கும் கையும் விரலும். இரண்டுக்கும் அறுவை தேவை. இரண்டும் ஒரே வழியில் மருத்துவமனையைச் சென்றடைவதில்லை.

2. சிகிச்சை முறையின் மாற்றமும் இடத்தின் மாற்றமும்

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குச் செல்வது வடதமிழகத்தின் நெடுநாள் வழக்கம். மருத்துவமனைக்குச் சென்றாலும், தொடையெலும்பு முறிந்தவர் எடை கட்டிய காலுடன் பல வாரங்கள் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் குன்ட்ஷர் 1940இல் அறிமுகப்படுத்திய எலும்புட்குழிக் கம்பியும், 1958இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஏ.ஓ. குழுவின் தகடு – திருகு முறைகளும் இந்நிலையை மாற்றின. அறுவையின்போதே எலும்பைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் ஊடுகதிர்க் கருவி வந்தபின், நோயாளியைச் சில நாள்களில் எழுந்து நடக்கவைக்க முடிந்தது.

இம்மாற்றத்தால் முறிவுச் சிகிச்சை கட்டுப் போடும் இடத்திலிருந்து அறுவை அரங்கிற்கு நகர்ந்தது. கருவிகள் பரவலானதும், எளிய முறிவுகளுக்குரிய அறுவை பெருமருத்துவமனைகளிலிருந்து நெடுஞ்சாலையோரச் சிறு மருத்துவமனைகளுக்கும் வந்தது. ஆயினும் தோல், தசை, இரத்தக்குழாய் சிதைந்த திறந்த முறிவுக்கும் நசுங்கிய கைக்கும் அரங்கும் கருவியும் மட்டும் போதா. முடநீக்கியல் மருத்துவரும் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரும் தொடக்கத்திலிருந்தே இணைந்து செயல்பட வேண்டும். அவ்விணைப்பு சில இடங்களில் மட்டுமே உள்ளது.

3. அருகில் இருப்பவை

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி அம்மாவட்டத்திற்குரியதாயிற்று. அதனால் காஞ்சிபுரம், அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களுள் ஒன்றானது. ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ளது. கைக் காயங்களுக்கெனவே அமைந்த சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிலையம் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், நகரின் வடகோடியில் உள்ளது. தண்டலத்திலும் போரூரிலும் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. ஆகவே, வசதி அறவே இல்லாத பகுதி என இதனைச் சொல்ல இயலாது. அவ்வசதியை எவர், எந்த அடையாளத்துடன் அணுகலாம் என்பதே வினா.

4. ஒரே எந்திரம், மூன்று வழிகள்

ஒரே தொழிற்கூடத்தில், ஒரே பவர் பிரஸ் எந்திரத்தில் வெவ்வேறு வேளைமுறையில் பணிபுரியும் மூவரைக் கருதுவோம். மூவருக்கும் ஒரே காயம் நேர்வதாகக் கொள்வோம்.

முதலாமவர், மாத ஊதியம் 21,000 ரூபாயைக் கடந்த நிரந்தரத் தொழிலாளி. 2017 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள உச்சவரம்பின்படி அவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் (இ.எஸ்.ஐ.) எல்லைக்கு வெளியே இருப்பவர். நிறுவனம் எடுத்துள்ள குழுக் காப்பீட்டு அட்டை அவரைத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறது.

இரண்டாமவர், அவ்வரம்புக்குட்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்குரிய வழி இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து கலைஞர் கருணாநிதி நகர் அல்லது அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, தேவையெனில் ஒப்பந்தத் தனியார் மருத்துவமனை எனப் படிப்படியாகச் செல்வது. அவசர நிலையில் நேரடியாகச் செல்ல விதி இடமளிக்கிறது. எனினும் முதல் ஒரு மணி நேரத்தில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் மேற்பார்வையாளரோ ஒப்பந்ததாரரோ ஆவார். அவ்விதியை அவர் அறிந்திருந்தாலன்றி அது பயன்படாது.

மூன்றாமவர், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெறும் இளைஞர். அவர் இ.எஸ்.ஐ. சட்டம் கூறும் 'தொழிலாளி' என்னும் வரையறையில் அடங்கமாட்டார். பணிக்காயத்திற்கு ஈடு வழங்கும் கடமை நேரடியாக முதலாளியைச் சாரும். அவர் எங்கு செல்வார் என்பது முதலாளியின் முடிவைப் பொறுத்தது.

அட்டை பெறும் உரிமையும் அட்டை கையில் இருப்பதும் ஒன்றல்ல. 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வாகன உதிரிபாகத் துறைக் காயங்கள் குறித்து அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பெரிதும் அரியானாவை மையமாகக் கொண்ட அவ்வறிக்கைகள் இரு செய்திகளை வலியுறுத்துகின்றன: விரல்களைப் பறிக்கும் எந்திரங்களுள் பவர் பிரஸ் முதன்மையானது, காயமுற்றோர் பலர், பணியில் சேர்ந்த நாளில் பெறவேண்டிய இ.எஸ்.ஐ. அட்டையை விபத்திற்குப் பின்னரே பெற்றுள்ளனர். ஒப்பந்த உழைப்பையும் புலம்பெயர்ந்தோரையும் சார்ந்துள்ள ஒரகடம் போன்ற பகுதிகளிலும் ஆராயப்பட வேண்டிய செய்தி இது.

5. விரலும் விழுக்காடும்

துண்டான விரலில் தசை இல்லை. ஆதலின் முறையாகக் குளிரூட்டிக் கொணர்ந்தால் பல மணி நேரத்திற்குப் பின்னும் அதனை இணைக்க முயலலாம். தசை நிறைந்த முன்கைக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரமே உண்டு. துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப்பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் கொணர வேண்டும். பனிக்கட்டியில் நேரடியாக வைத்தல் கூடாது. நசுங்கிய விரல்கள் அனைத்தும் இணைக்கத் தக்கவை அல்ல. ஆனால் 'இணைக்க இயலாது' என முடிவு செய்யவேண்டியவர் அக்கலை வல்லவரே. எஞ்சிய முனையை மூடித் தைப்பதை எந்த அரங்கிலும் செய்துவிடலாம். அவ்வாறு செய்தபின் மாற்று வழி பெரும்பாலும் அடைபட்டுப் போகிறது.

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உள்வாங்கியுள்ளது. பழைய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை உடலிழப்பை வருவாய்த்திறன் இழப்பாகக் கணக்கிட்டது. சுட்டுவிரலின் ஒரு கணு 9 விழுக்காடு; ஒரு கையின் இரு விரல்கள் 20; மூன்று விரல்கள் 30; நான்கு விரல்கள் 50. முழுப் பயன்தொகை ஊதியத்தில் 90 விழுக்காடு. மாதம் 15,000 ரூபாய் பெறும் ஒருவர் இரு விரல்களை இழந்தால் வாழ்நாள் முழுதும் கிடைப்பது மாதம் ஏறத்தாழ 2,700 ரூபாய். முதல் அறுவை நடந்த அரங்கின் தரம் இவ்வாறு ஓர் எண்ணாக மாறி அவருடன் நிலைத்துவிடுகிறது.

6. ஆலை வாயிலின் உள்ளும் புறமும்

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. தொடக்கத்தில் 81 சிகிச்சை முறைகளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை எனத் திட்டமிடப்பட்டது. தமிழக எல்லைக்குள் காயமுற்றவர் எம்மாநிலத்தவராயினும் எந்நாட்டவராயினும் பயன் பெறலாம். அரசு மருத்துவமனையும் பதிவுபெற்ற தனியார் மருத்துவமனையும் இதில் அடங்குவதால், அருகிலுள்ள தக்க அரங்கிலேயே முறிவுக்குரிய அறுவை நடைபெற வழி பிறந்தது.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. ஆலை வாயிலுக்கு வெளியே, இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து கை நசுங்கியவரிடம் அட்டை கேட்கப்படுவதில்லை. வாயிலுக்கு உள்ளே, எந்திரத்தில் அதே கை நசுங்கியவருக்கு முதலில் எழும் வினா 'எந்தக் காப்பீடு?' என்பதே. பணிக்கு வந்துசெல்லும் வழியில் நேரும் விபத்தையும் பணிக்காயமாகக் கருதலாம் என 2010ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்றுக்கொண்டது. சட்டம் சாலையையும் ஆலையையும் இணைத்தபின்னும், முதல் 48 மணி நேரம் அவற்றைப் பிரித்தே வைத்துள்ளது.

7. பிற இடங்களின் படிப்பினை

செலவை ஏற்பவரின் விதி அறுவையின் இடத்தை மாற்றும் என்பதற்கு அமெரிக்கா தெளிவான சான்று. அந்நாட்டின் மெடிகேர் காப்பீடு, உள்நோயாளியாக மட்டுமே செய்யத்தக்கவை என்னும் பட்டியலிலிருந்து முழங்கால் மூட்டு மாற்றை 2018இலும் இடுப்பு மூட்டு மாற்றை 2020இலும் நீக்கியது. முழங்கால் மாற்றுக்கு 2020 முதல் பகல்நேர அறுவை மையங்களிலும் பணம் வழங்க இசைந்தது. மயக்க மருந்திலும் வலி தணிப்பிலும் ஏற்பட்டிருந்த முன்னேற்றம் இம்மாற்றத்தை இயலச் செய்தது. கட்டண விதி அதற்குக் கதவு திறந்தது.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை வேறொரு பாடம் தருகிறது. அங்கு உருவாகி 2006இல் வெளியான திறந்த முறிவு மதிப்பீட்டு முறை, 14 அல்லது அதற்குக் குறைந்த மதிப்பெண்ணில் காலைக் காக்கவும், 17 அல்லது அதற்கு மேற்பட்டால் அகற்றலைக் கருதவும், இடைப்பட்ட நிலையில் வல்லுநர் ஆய்ந்து முடிவெடுக்கவும் வழிகாட்டுகிறது. தொழில்நகரம் ஒன்று தனக்கு நேரும் காயங்களிலிருந்தே உலகுக்குப் பயன்படும் அளவுகோலை ஆக்க முடியும் என்பதற்கு இது சான்று.

8. முடிவுரை

இவ்வழித்தடத்தில் எளிய முறிவுகளின் அறுவை அருகே வந்துள்ளது. அரிய கை அறுவையோ இன்னும் தொலைவிலும் அட்டையிலும் சிக்கியுள்ளது. இதனைச் சீர்செய்ய மூன்று பணிகள் தேவை. விபத்துப் பதிவேட்டில் காயம் நேர்ந்த நேரம், முதலில் சென்ற மருத்துவமனை, அறுவை நடந்த இடம், செலவை ஏற்றவர் ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். ஒட்டுறுப்பு, முடநீக்கியல் மருத்துவர்கள் இணைந்த கை அறுவைக் குழு ஒன்று இப்பகுதியிலேயே எந்நேரமும் கிடைக்க வேண்டும். முதலில் சிகிச்சை, பின்னர்க் கணக்கு என்னும் 48 மணி நேர நெறி ஆலைக் காயங்களுக்கும் விரிக்கப்பட வேண்டும், செலவை இ.எஸ்.ஐ., முதலாளி, அரசு ஆகியோரிடையே பின்னர்ப் பகிர்ந்துகொள்ளலாம். தொழிலாளியின் விரல் அக்கணக்கு முடியும்வரை காத்திராது.