மண்டிச் சீட்டில் மகமை, சம்பளச் சீட்டில்?

தென்மாவட்ட மண்டிகளின் பழைய சீட்டைப் பார்த்தால், சரக்கின் விலைக்குக் கீழே சில்லறைச் செலவுகள் வரிசையாக இருக்கும். தரகு, ஏற்றுக்கூலி, அவற்றோடு மகமை. மூட்டைக்கு இத்தனை காசு என்று வியாபாரிகள் கூடிப் பேசி வைத்த தொகை அது. ஒவ்வொரு முறையும் வந்து கேட்க ஆள் வேண்டாம். சரக்கு கைமாறினால் மகமையும் விழும். அதைச் சேர்த்து வைத்து எதற்குச் செலவழிப்பது என்பதை அந்த வியாபாரிகளின் சாதிச் சபையான உறவின்முறை கூடி முடிவு செய்யும்.

சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகையைப் பிடித்துத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பெருநகர ஐடி கம்பெனிகள் ‘பேரோல் கிவிங்’ என்கின்றன. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கிவ்இந்தியா போன்ற அமைப்புகள் இதை இந்தியாவில் பரப்பின. 2009இல் தொடங்கிய ஒரு கொடை வாரமும் ‘தான் உத்சவ்’ என்ற பெயரில் இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் முதல் வாரத்தில் நடக்கிறது. ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய புதுச் சரக்கு போலத்தான் பலரும் இதைப் பேசுகிறார்கள். சங்கரன்கோவில், விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் சொன்னால் சிரித்துவிடுவார்.

மகமைப் பணம் கோவிலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விருதுநகரில் 1880களில் உருவான க்ஷத்திரிய வித்யாசாலை மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியாலும் வளர்ந்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். அந்தக் காலத்தில், இந்த மகமை வழக்கத்தை நடத்திவந்த நாடார்களுக்குப் பல கோவில்களில் நுழைவு இல்லை. சில ஊர்களில் தேர் ஓடும் தெருவில் ஊர்வலம் போகவும் உரிமை இல்லை. சங்கரன்கோவிலை அடுத்த கழுகுமலையில் 1895இல் அதற்காகவே கலவரம் வெடித்தது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. 1897இல் கமுதி கோவிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. கீழ்க்கோர்ட்டிலிருந்து லண்டன் வரை வக்கீல் வைத்து வாதாடியது பல ஊர்களில் திரட்டிய பொதுப் பணத்தில். இன்றைய மொழியில் சொன்னால், தொழில் செய்த இடத்தில் சேர்ந்த பணம் சமூக நீதி வழக்கு ஒன்றுக்குச் செலவானது.

அந்தப் பணம் தன் சமூகத்துக்குள்ளேயே சுற்றியது என்ற குறையையும் சொல்லியாக வேண்டும். பக்கத்துத் தெருவில் இதைவிட மோசமாக ஒதுக்கப்பட்டிருந்தவனின் வழக்குக்கு எந்த மண்டிச் சீட்டிலும் வரி எழுதப்படவில்லை.

இன்றைய சங்கரன்கோவில் விசைத்தறி ஊர், பூச்சந்தை ஊர். கூடவே பள்ளிகள், வங்கிகள், தாலுகா ஆபீஸ், பஸ் டெப்போ. ஒழுங்காகச் சம்பளச் சீட்டு வாங்குகிறவர்கள் பின்னால் சொன்ன இடங்களில்தான் இருக்கிறார்கள். தறிக்காரருக்கு நெய்த அளவுக்குக் கூலி. அவர் எந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆகவே இந்த ஊரில் ‘சம்பளத்தில் பிடிப்பது’ என்ற பேச்சு வந்தால் அது பெரும்பாலும் அரசு ஊழியரையும் ஆசிரியரையும் பற்றிய பேச்சாகவே இருக்கும்.

ஆபீஸ்களில் வசூல் நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, முதல் வரியில் அதிகாரியின் பெயரும் எதிரே ஐந்நூறு என்றும் எழுதி, அந்தத் தாளை ஒருவர் மேசை மேசையாகக் கொண்டுபோவார். “எல்லாரும் ஐந்நூறு எழுதியிருக்காங்க சார்” என்ற ஒரு வாக்கியம் போதும். கடைசி மேசைக்குத் தாள் வரும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் தற்காலிக ஊழியருக்கு ஐந்நூறு ரூபாய் என்றால் என்ன என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. டிசம்பர் 7 கொடிநாள் வசூலுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் இலக்கே உண்டு. 1949இல் தொடங்கிய நல்ல நோக்கம்தான். ஆனாலும் இலக்கு என்று வந்த பிறகு அதற்கு நன்கொடை என்று பேர் வைக்கலாமா என்பது வேறு கேள்வி.

பேரிடர் வந்தால் ‘ஒரு நாள் சம்பளம்’ முதல்வரின் நிவாரண நிதிக்குப் போவதும் பழகிப்போன ஒன்று. சங்கங்கள் ஒப்புக்கொள்ளும், ஆணை வரும், மறுமாதச் சீட்டில் பிடித்தம் காட்டும். இதில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைக் கேரளம் காட்டியது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அந்த மாநில அரசு ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. தவணையில் கொடுக்கலாம் என்றது. விருப்பம் இல்லாதவர்கள் மட்டும் ‘எனக்குச் சம்மதம் இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. கொடுப்பவர் சும்மா இருந்தால் போதும், கொடுக்காதவர்தான் கைதூக்க வேண்டும். உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனைக்குத் தடை போட்டது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2018 அக்டோபர் 29 அன்று அங்கும் தடை நிலைத்தது. கொடுக்க முடியாத ஒருவர் அதை ஊரறிய எழுதிக் கொடுத்து ஏன் அவமானப்பட வேண்டும் என்பதே நீதிபதிகளின் கவலையாக இருந்தது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம், கூலியில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டது. பிரதமர் நிவாரண நிதிக்கோ, சங்கச் சந்தாவுக்கோ, முதலாளியோ சங்கமோ அமைத்த நல நிதிக்கோ பிடிப்பதானால் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் சம்மதம் என்ற அந்த வாசலை எடுத்துவிடவில்லை.

சரி, மனமுவந்தே கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு? சங்கரன்கோவிலில் சம்பளம் வாங்கும் ஒருவர் மாதம் நூறு ரூபாயை எங்கே அனுப்பலாம் என்று தேடினால், தூரம் போக வேண்டியதில்லை. அதே தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் கோவையில் என்ஜினீயரிங் படித்தவர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனவர், உடற்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து ஊர் திரும்பினார். 1981இல், ஐ.நா. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவித்திருந்த அதே ஆண்டில், ஒரு கூரைக் கொட்டகையில் சில பிள்ளைகளை வைத்து அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆடிட்டர் ஆன எஸ். சங்கரராமன் 1992இல் வந்து சேர்ந்தார். பள்ளி, தொழிற்பயிற்சி, கிராமம் கிராமமாகப் போய்ச் சிறு குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறியும் வேலை என்று சங்கம் விரிந்தது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ.

ஆய்க்குடிக்குக் கொடுங்கள் என்றால் எந்த ஆபீசிலும் முகம் சுளிக்க மாட்டார்கள். கஷ்டம் அடுத்த படியில் வருகிறது. குழந்தைக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தரப் பணம் கிடைக்கும். அந்த நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லாத அரசுக் கட்டடத்தின் மீது வழக்குப் போட? இரட்டைக் குவளைக்கு எதிராகப் புகார் எழுதிக் கொடுக்க? கொத்தடிமையாக இருந்த குடும்பத்துக்குக் கோர்ட்டில் நிற்க? அங்கே தாள் மடங்கிவிடும். உதவி என்றால் புண்ணியம், உரிமை என்றால் வம்பு என்ற கணக்கு நம் ஆபீஸ்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

மதுரையில் 1995இல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம், போலீஸ் சித்திரவதையையும் சாதி வன்கொடுமையையும் ஆவணப்படுத்தி வழக்காடும் அமைப்பு. இத்தகைய வேலைக்கு உள்ளூர்ப் பணம் அரிது. அதனால் வெளிநாட்டு நன்கொடை பெரிய ஆதாரமாக இருந்தது. 2012இல் அதன் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இடைநிறுத்தப்பட்டது. 2016இல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. அந்த முடிவு சரியா என்பது கோர்ட் விஷயம். உள்ளூரில் ஆயிரம் பேர் மாதம் நூறு கொடுத்திருந்தால் ஒரு கையெழுத்தில் ஒரு அமைப்பின் மூச்சு முட்டியிருக்காது என்பது வெறும் கூட்டல் கணக்கு.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டப்படி 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனத்துக்குத்தான் அந்தக் கட்டாயம். இந்த ஊர் விசைத்தறிக் கூடங்களை அந்த எல்லைக்குள் தேடுவது வீண். அந்த எல்லைக்குள் வரும் நிறுவனமும் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கொடுக்குமளவுக்கு வழக்குச் செலவுக்குக் கொடுக்காது.

இது நம்மூர்ச் சிக்கல் மட்டும் அல்ல. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களின் சம்பளத்திலிருந்து நன்கொடை பிடிக்கும் பெரிய திட்டம் 1960களில் உருவானது. 1968இல் லாஸ் ஏஞ்சலீஸின் கறுப்பின மக்கள், பெரிய நன்கொடை அமைப்புகளின் பணம் தங்கள் தெருவுக்கு வரவில்லை என்று ‘பிரதர்ஹுட் குருசேட்’ என்ற சொந்த நிதியைத் தொடங்கினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954 தீர்ப்பை வாங்கித் தந்த என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியம், அரசு ஊழியர் திட்டத்தில் இடம் கேட்டது. ரீகன் அரசு, வழக்காடும் அமைப்புகளுக்கும் கொள்கைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளுக்கும் இடமில்லை என்று 1983இல் உத்தரவு போட்டது. 1985இல் உச்ச நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அப்படி விலக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. பிறகு 1987இல் நாடாளுமன்றம்தான் கதவைத் திறந்துவிட்டது. அங்கும் ‘உதவி சரி, உரிமை வேண்டாம்’ என்ற பேச்சுதான் முதலில் எழுந்தது.

சங்கரன்கோவில் ஆபீஸ் ஒன்றில் பத்துப் பதினைந்து பேர் இதைச் செய்ய நினைத்தால் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வங்கியில் நிலையுத்தரவு கொடுத்துவிட்டால் சம்பள நாளன்று தொகை தானாகப் போகும். அதிகாரிக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிய வேண்டியதில்லை. அமைப்பு பதிவு பெற்றதா, தணிக்கை அறிக்கை காட்டுமா என்று கேட்க வேண்டும். 80ஜி என்று பேர்பெற்ற வருமான வரிச் சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் ஏற்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை; 2023-24 முதல் அந்த முறைதான் இயல்பு நிலை. வரிக்காகக் கொடுத்தவர்கள் நின்றுவிடக்கூடும். அவர்களை நம்பி எந்த அமைப்பும் ஆண்டுக் கணக்குப் போடாமல் இருப்பது நல்லது.

முதலாளி வழியாகவே பணம் பிடிக்கட்டும் என்பவர்கள் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். அங்கே கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார நாற்காலி கிடையாது, கழிப்பறை கிடையாது. தையல் தொழிலாளியான பி. விஜி அவர்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. சங்கரன்கோவில் ஜவுளிக் கடைப் பெண்ணுக்கும் அந்த உரிமை இன்று உண்டு. அப்படி ஒரு அமைப்புக்கு மாதம் ஐம்பது ரூபாய் பிடித்துக் கொடுங்கள் என்று எந்த விற்பனைப் பெண்ணும் தன் கடை முதலாளியிடம் போய்க் கேட்டிருக்க முடியாது. பெண்கூட்டின் சந்தாவைப் பெண்கள்தான் தங்களுக்குள் போட்டுச் சேர்த்தாக வேண்டும்.