மலைபடுகடாம் காட்டும் மலைவழி

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மேற்கே நோக்குவார்க்குச் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்து மலைகள் நீலத் தொடராய்த் தோன்றும். விடுமுறை நாளில் மாணவர் உள்ளம் அம்மலைகளை நாடுதல் இயல்பே. 'எங்குச் செல்லலாம்?' என வினவுவோர் பலர். 'எவ்வாறு சென்று எவ்வாறு மீள்வது?' என வினவுவோர் மிகச் சிலர். இவ்விரண்டாம் வினாவுக்கு விடை கூறவே தமிழில் ஓர் இலக்கிய வகை தோன்றியுள்ளது. அஃது ஆற்றுப்படை.

ஆறு என்பது வழி. படுத்துதல் என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீண்ட கலைஞன், பெறாத கலைஞனுக்குத் தான் சென்று வந்த வழியை எடுத்துரைப்பது இதன் இலக்கணம் எனத் தொல்காப்பியர் வகுத்தார். வகுப்பறையில் நாம் வள்ளலின் கொடையை விரித்துரைத்து வழியை விட்டுவிடுகிறோம். போய் மீண்டவனே வழி சொல்லத் தக்கவன் என்னும் நுட்பம் இதனால் மறைந்துபோகிறது.

பத்துப்பாட்டுள் பத்தாவதாகிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடியது. செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். இந்நூலை உள்ளடக்கிய பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடு தேடி நம் கரிவலம்வந்தநல்லூருக்கும் வந்தவர். வரதுங்கராம பாண்டியரின் பழஞ்சுவடிகள் சிதைந்தமையால் ஓமத்தீயில் இடப்பட்டன என்று இங்கே கேட்டு அவர் நெஞ்சம் நொந்ததை 'என் சரித்திரம்' கூறும். மலைபடுகடாம் பிற இடத்து ஏடுகளால் நமக்குக் கிட்டியது நற்பேறே.

இந்நூலில் வழி கூறும் கூத்தன், வழியின் அளவு, தங்குமிடம், உணவு, மலை, காடு, விலங்கு எனத் தான் சொல்லப்போகும் செய்திகளை முதலிலேயே நிரல்படுத்துகிறான். இன்று பயணத் திட்டம் வகுப்போர் எழுதும் பட்டியலும் இதுவே அன்றோ? பின்னர் இடர்களைக் கூறுங்கால் ஒவ்வொன்றுக்கும் மாற்றும் கூறுகிறான். தினைப்புனத்தருகே பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உண்டு. ஆதலின் இருளில் நடவாது விடிந்தபின் செல்க. யானையை ஓட்டக் கானவர் எறியும் கவண்கல் பாய்ந்து வரும். பெருமரங்களை மறைவாகக் கொள்க. பாசி படர்ந்து கால் வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிக் கொள்க. விழுந்த மரம்போல் மலைப்பாம்பு கிடக்கும், விலகிச் செல்க. மாலையானால் குகையினுள் தம் வீட்டில் நுழைவதுபோல் நுழைந்து தங்குக.

இரண்டு அறிவுரைகள் தனியே எண்ணத்தக்கன. மலையில் வாழும் குறவரே திசை மயங்கும் இடத்தில் வழி தவறினால், மேலும் நடவாது அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் கூடியிருந்து இசைக்கருவிகளை முழக்குக என்கிறான். ஓசை கேட்டுக் கானவர் வந்து உதவுவராம். வழி தவறியவர் இடம் பெயராமல் ஒலி எழுப்ப வேண்டும் என்றே இன்றைய மலையேற்றப் பயிற்சியும் கற்பிக்கிறது. முழவின் இடத்தை ஊதல் பெற்றிருக்கிறது, அவ்வளவே. மற்றொன்று, வழிகள் பிரியுமிடத்தில் பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து வைக்குமாறு கூறுவது. முன்னே விரைபவன் பின்னே வருபவனுக்கும் பொறுப்புடையவன் என்பது இதனால் பெறப்படும்.

குதிரைப் பயணம் பற்றியும் சிலர் ஆர்வம் காட்டுகின்றனர். ஆற்றுப்படைக் கலைஞர் போகும்போது நடந்தே போயினர். குதிரை, மீளும்போது கிடைத்த பரிசில். கரிகாலன் நான்கு வெண்குதிரைகள் பூட்டிய தேரை வழங்கியதைப் பொருநராற்றுப்படை கூறுகிறது. பாண்டிநாட்டுக்குக் காயல் துறை வழியே அரபுக் குதிரைகளை முசுலிம் வணிகர்கள் கொணர்ந்தனர். ஆண்டுதோறும் பெருந்தொகையாக வந்தும் அவை நிலைக்கவில்லை என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். பேணும் முறை அறியாமையே அவர் காட்டும் காரணம். குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு வராதபடி வணிகர் பார்த்துக்கொண்டனர் என்றும் சேர்த்துரைக்கிறார். வணிகத் தந்திரம் அன்றும் இருந்தது போலும்! கொடைக்கானலுக்குச் சாலை அமையுமுன் பெரியகுளம் பக்கத்து மலைவழியில் நடந்தும் டோலியிலும் குதிரையிலும் சென்றனர். அம்மலைச்சரிவிலுள்ள வெள்ளகவிக்குக் குதிரைகள் பொதி சுமந்து சென்றதும் பலரறிந்தது. ஏறுவோன் தன் உணவுக்கு முன் குதிரையின் தீனி, நீர், லாடம் ஆகியவற்றை எண்ணுதல் வேண்டும். அவ்வசதி இல்லாத வழியில் கால்நடையே தக்கது.

இனி நம் மலைக்கு வருவோம். இப்பகுதிக் காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கின. இசைவின்றி நுழைதல் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறச் சென்றோருள் 20 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சில் மலைப்புல் சருகாய்க் கிடக்கும். காற்றடித்தால் தீ மனிதனினும் விரைந்து மேலேறும். அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழிகள் இசைவுடன் செல்லத்தக்கனவாக, வழிகாட்டிகளோடு அறிவிக்கப்பட்டன. தீயன்றி நீரும் அஞ்சத்தக்கது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டது. கீழே வெயில் காய்ந்தாலும் மேலே மழை பெய்திருக்கக்கூடும் என்பதை வெளியூரார் உணர்வதில்லை.

உணர்ந்தவர் மலையடிவாரத்திலேயே உளர். வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்துப் பளியர் குடியினர், மலைபடுகடாம் கூறும் கானவர்போல் வழியும் நீரும் விலங்கின் தடமும் அறிந்தவர். எனவே நம் துறை மாணவர் செல்வதாயின், வனத்துறையின் இசைவு பெற்று, இத்தகையார் ஒருவரை உடன் கொண்டு, விடியலில் ஏறி, வெயில் சாயுமுன் இறங்குமாறு நாளை வகுத்துக்கொள்க. செல்வோர் பெயர், செல்லும் வழி, மீளும் நேரம் மூன்றையும் எழுதிய தாள் ஒன்று வீட்டிலும் மற்றொன்று துறையிலும் இருத்தல் வேண்டும்.