இறுதி ஆட்டம் முடிந்த பின்...

திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பழம்பெயர் பூண்ட விருத்தாசலம், இந்நாளில் பீங்கானாலும் பெயர் பெற்றுத் திகழ்கின்றது. இவ்வூர்ச் சூளைக்காரர் யாவரும் அறிந்த பாடம் ஒன்று உண்டு. குழைத்த மண்ணை அச்சில் வார்த்து, உலர்த்தி, ஒருமுறை சுட்டு, மேலே மெருகு பூசி, மறுமுறையும் சுடுகின்றனர். நெருப்பு அணைந்துவிட்டதே என்று ஆவல் மிகுந்து கதவை உடனே திறந்துவிட்டால், குளிர்ந்த காற்றுப் பட்டு உள்ளிருக்கும் பண்டங்கள் கீறல் விட்டுப் போகும். ஆதலின், எத்துணை ஆவல் இருப்பினும் சூளை தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முடிவைப் பார்க்கத் துடிப்பது மனித இயல்பு. முடிவுக்குக் காத்திருப்பதோ பயிற்சியால் வருவது. இவ்வுண்மையை நமக்கு அண்மையில் நினைவூட்டியவர்கள் நம் பங்கு இளைஞர்கள்.

ஞாயிறு திருப்பலி முடிந்து ஒருநாள் கோவில் முற்றத்தில் நின்றோம். வேப்பமர நிழலில் ஐந்தாறு இளைஞர்கள் முகம் வாடி அமர்ந்திருந்தனர். "தேர்வில் யாரேனும் தவறிவிட்டீர்களா?" என்று வினவினோம். "இல்லை ஃபாதர், எங்கள் அணி அடுத்த ஆட்டத்தில் தோற்றுவிட்டது" என்றான் ஒருவன். எந்த அணி, எந்த ஊரில் ஆட்டம் என்று கேட்டோம். நாணத்துடன் விடை வந்தது: அது ஜப்பான் நாட்டுச் சித்திரக் கதையொன்றில் வரும் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியாம்!

நகைத்துவிட்டு அப்பால் செல்லவே முதலில் எண்ணினோம். ஆயினும், அவர்கள் முகத்தில் இருந்த வருத்தம் மெய்யான வருத்தமாகத் தோன்றிற்று. எனவே அமர்ந்து கேட்டோம். கேட்டவற்றைப் பெற்றோர்க்கும் பயன்படும் என்று கருதியே இங்கு எழுதுகின்றோம்.

அக்கதையின் பெயர் 'ஸ்லாம் டங்க்'. தகேஹிகோ இனோவே என்ற ஜப்பானிய ஓவியர் 1990 முதல் 1996 வரை வார இதழொன்றில் தொடராக வரைந்தது. 31 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. ஷோஹோக்கு என்னும் பெயர் பெறாத பள்ளியின் அணி, படிப்படியாக உயர்ந்து, அகில ஜப்பான் போட்டியில் அசைக்கவொண்ணா வீரரெனக் கருதப்பட்ட சன்னோ பள்ளியை எதிர்கொள்கின்றது. 79க்கு 78 என்று ஒரே ஒரு புள்ளியில் வெல்கின்றது. படிப்போர் ஆர்ப்பரிக்கும் அவ்வேளையில், அடுத்த சுற்றிலேயே அவ்வணி படுதோல்வி அடைந்தது என்ற செய்தியை மிகச் சுருங்கச் சொல்லிக் கதையை நிறுத்திவிட்டார் ஆசிரியர். நம் இளைஞர்கள் இதன் திரைப்படத்தைக் கண்டு வெற்றிக் களிப்பில் இருந்திருக்கின்றனர். நூலைப் படித்திருந்த ஒருவன் அடுத்த ஆட்டத்தின் செய்தியைச் சொல்லிவிட, அதனால் நேர்ந்ததே அவ்வாட்டம்!

இவர்களாவது ஒரு நாள் வருந்தினர். இதே கதை தொலைக்காட்சியில் 1993 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 101 பகுதிகளாக ஓடிற்று. ஆனால் சன்னோவுடன் நிகழ்ந்த அப்பேராட்டத்தைக் காட்டாமலேயே தொடர் முடிந்துபோயிற்று. பள்ளிச் சிறுவராய் அதனைக் கண்டவர்கள் வளர்ந்து, மணமுடித்து, பெற்றோராகி, அவ்வாட்டத்தைத் திரையில் காண 26 ஆண்டுகள் காத்திருந்தனர். 2022 நவம்பரில், பழைய குரல் நடிகர்கள் திரைப்படத்தில் இல்லை என்ற அறிவிப்பு வந்ததும் பலர் சினங்கொண்டனர். டிசம்பர் 3ஆம் நாள் படம் வெளியாயிற்று, ஓவியரே இயக்குநருமாயிருந்தார். சினந்தவர்களில் பலரும் சென்று பார்த்தனர். பார்த்தவர்கள் மீண்டும் சென்றனர். ஜப்பானில் மட்டும் 1,500 கோடி யென்னுக்கு மேல் அப்படம் ஈட்டிற்று. 2023இல் அந்நாட்டு அகாடமி விருதும் பெற்றது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 'நாளைய ஜோ' என்று பொருள்படும் பெயருடைய குத்துச்சண்டைக் கதையில், நாயகனின் எதிராளியான ரிகிஷி என்பவன், உடல் எடையைக் குறைக்கத் தன்னை வருத்தி, களத்தில் வென்ற பின் மாண்டுபோகின்றான். 1970 மார்ச் 24ஆம் நாள் டோக்கியோவில் அக்கதையை வெளியிட்ட பதிப்பகத்தில் அவனுக்கு இறுதிச் சடங்கே நிகழ்ந்தது! சண்டை மேடை அமைக்கப்பட்டது. புத்த குரு மந்திரம் ஓதினார். ஏறத்தாழ 700 பேர் துக்கம் அனுசரித்தனர். கதையின் நாயகனோ, 1973இல் வந்த இறுதிப் பகுதியில், உலகச் சாம்பியனிடம் புள்ளிக் கணக்கில் தோற்று, எரிந்தடங்கிய வெண்சாம்பல் போலத் தன் மூலையில் புன்னகையுடன் அமர்ந்திருக்கின்றான். இறந்தானா, இளைப்பாறுகின்றானா? சொல்லப்படவில்லை. 1981இல் தொலைக்காட்சித் தொடரும் அக்காட்சியுடனேயே முடிந்தது. இன்றளவும் அந்நாட்டார் அது குறித்து வழக்காடுகின்றனர்.

நம் நாட்டிற்கும் இத்தகைய கதை வந்ததுண்டு. நாளைய ஜோவை எழுதிய அதே இக்கி கஜிவாராவின் பேஸ்பால் கதையொன்று, கிரிக்கெட் கதையாக மாற்றப்பட்டு, மும்பைச் சிறுவன் சூரஜின் வரலாறாக 2012 டிசம்பர் முதல் இந்தித் தொலைக்காட்சியில் 26 பகுதிகள் ஓடிற்று.

"இல்லாத மனிதருக்காக அழுவது அறிவீனம் அன்றோ?" என்று பெரியோர் சிலர் கேட்பர். அவர்களை ஒரு வினாக் கேட்க விழைகின்றோம். நம் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் பாரதக் கூத்தின் இறுதி நாளன்று, மண்ணால் செய்த துரியோதனன் களத்தில் கிடக்க, படுகளம் காண ஊரே திரண்டு நிற்கவில்லையா? அபிமன்னன் விழும் இரவில் கண்ணீர் விடாத பாட்டியர் உண்டோ? நம் கோவில்களில் பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் கேட்டுத் தேம்பிய தலைமுறை நம்முடையது அன்றோ? பாஸ்கு நாடகத்தில் யூதாஸ் வேடமிட்டவரை மறுநாள் கடைத்தெருவில் சிறுவர்கள் முறைத்துப் பார்த்ததை நாமே கண்டிருக்கின்றோம். மெய்யான பாடுகளை நினைந்து அழுவதும் கற்பனை வீரனுக்காக அழுவதும் ஒன்றாகா. எனினும், பிறர் துயரைத் தன் துயராகக் கொள்ளும் நெஞ்சு ஒன்றே. அந்நெஞ்சு நம் பிள்ளைகளிடம் வற்றிவிடவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி தரவேண்டிய செய்தி.

முடிவு போதவில்லை என்ற முறையீடும் புதியதன்று. வாசக அன்பர்கள் அறிந்திருக்கலாம். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளான வத்திக்கான் ஏட்டிலும் சீனாய் ஏட்டிலும், பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு அந்நூல் நின்றுவிடுகின்றது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் அஞ்சி ஓடி, எவரிடமும் எதுவும் சொல்லாதிருந்தனர் என்பதோடு சரி! பின்வரும் பன்னிரண்டு வசனங்கள் பிற்பாடு சேர்ந்தவை என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. திருச்சபையோ அவற்றையும் தேவ ஏவுதல் பெற்றனவாகவே ஏற்றுப் போற்றுகின்றது. குருமடத்தில் இதனைக் கற்றபோது நமக்கும் மனம் நிறையவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லவே விளங்கிற்று. அப்பெண்கள் வாய் திறவாமலே இருந்திருந்தால், அந்நூல் நம் கைக்கு எவ்வாறு வந்திருக்கும்? அச்சத்திற்குப் பின் நிகழ்ந்தது என்ன என்பதற்கு, படிப்பவனின் விசுவாசமே சான்று.

அப்போஸ்தலர் பணியைப் பாருங்கள். உரோமையில் ஈராண்டு போதித்தார் என்று சொல்லி, புனித பவுலடியாரின் மரணத்தைக் கூறாமலே முடிகின்றது. ஊதாரி மகன் உவமையிலோ, மூத்த மகன் விருந்துக்குள் நுழைந்தானா, வெளியிலேயே நின்றானா என்பதை ஆண்டவர் சொல்லவேயில்லை. கேட்பவன் தன் வாழ்வால் முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விளையாட்டுக் கதையின் தோல்வி முடிவிலும் இத்தகைய பயன் ஒன்றுண்டு. வெற்றியோடு நின்றிருந்தால் அது வெறும் கனவு. அடுத்த சுற்றில் தோற்றது என்றதனால் அது வாழ்வைப் போன்றதாயிற்று. 2025 ஜூன் 15ஆம் நாள் உரோமையில் விளையாட்டு யூபிலித் திருப்பலியில் மறையுரையாற்றிய திருத்தந்தை பதினான்காம் லியோ, வெல்பவரை மட்டுமே மதிக்கும் இவ்வுலகில், தோற்கவும் கற்றுத் தருவது விளையாட்டு என்ற கருத்தை எடுத்துரைத்தார். மதிப்பெண் ஒன்று குறைந்தாலும் வீட்டில் இழவு விழுந்தாற்போல் நடந்துகொள்ளும் பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தியைச் சொல்வோம். உரியவரின் இசைவு பெற்றே, பெயர் குறியாது எழுதுகின்றோம்.

அவ்விளைஞர் கூட்டத்தில் ஒருவன் மட்டும் தோல்வியைப் பற்றி ஒன்றும் பேசாதிருந்தான். ஈராண்டுகளுக்கு முன் அவன் அண்ணன் சாலை விபத்தில் இறந்துபோனான். அண்ணன் நல்ல கைப்பந்து வீரன். தம்பிக்குப் பந்து தொடக் கற்றுக் கொடுத்தவனும் அவனே. அதன் பின் தம்பி மைதானத்தை மிதிக்கவில்லை. வீட்டில் மூத்தவன் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. தாயோ அடுப்படியும் படமுமாக நாளைக் கழித்தார்.

அத்திரைப்படத்தில் ரியோதா என்றொரு குட்டையான ஆட்டக்காரன் வருகின்றான். அவனுடைய அண்ணனும் சிறந்த கூடைப்பந்து வீரன். கடலில் மீன்பிடிக்கச் சென்று திரும்பாதவன். பேராட்டத்திற்கு முந்திய இரவு தாய்க்குக் கடிதம் எழுத அமரும் ரியோதா, உயிரோடு எஞ்சியது தானாயிருந்தமைக்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகின்றான். பின் அத்தாளைக் கசக்கிவிட்டு வேறு கடிதம் எழுதுகின்றான். மறுநாள், சொல்லாமல் வந்து, அரங்கில் ஒரு மூலையிலிருந்து மகன் ஆடுவதைப் பார்க்கின்றார் தாய்.

நம் இளைஞன் இப்படத்தைத் தன் தாய்க்குக் கைப்பேசியில் காட்டியிருக்கின்றான். அவருக்கு ஜப்பான் மொழி தெரியாது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் படிக்க இயலாது. மகனே ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். கடிதம் எழுதும் இடத்தில் அவனால் சொல்ல முடியவில்லை. "என்னப்பா எழுதுறான்?" என்று தாய் கேட்டார். அவன் சொன்னான். அதன் பின் இருவரும் நெடுநேரம் அழுதனராம். ஈராண்டாய்ப் பேசாத பெயரை அன்றிரவு பேசினர்.

மறுவாரம் அத்தாய், மூத்த மகனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டி நம்மிடம் வந்தார். இளையவனும் உடன் வந்தான். "சாமி, செத்தவனையே பார்த்துக்கிட்டு இருந்தேன், இருக்கிறவன் தன்னை எனக்குக் கடன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கான்" என்றார். நாம் எத்தனையோ முறை அவ்வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறியதுண்டு. நம் சொற்களால் இயலாததை ஒரு சித்திரக் கதை செய்ததே என்று முதலில் சற்று வெட்கினோம்; பின்னர் நன்றி கூறினோம். ஆண்டவர் எவ்வழியாகத் தட்டினால் என்ன? கதவு திறந்தால் போதும்.

இதனால் எல்லாச் சித்திரக் கதைகளும் நல்லவை என்று சொன்னோமில்லை. வன்முறையும் ஆபாசமும் மலிந்தவை பலவுண்டு. விடியும்வரை விழித்துப் பார்த்துப் படிப்பையும் உடல்நலத்தையும் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட ஆவணம், பிள்ளைகள் காண்பவற்றைக் கண்காணிக்கும் கடமையைப் பெற்றோர்க்குச் சுட்டிக்காட்டியுள்ளது. கண்காணித்தல் என்பது கைப்பேசியைப் பறிப்பது மட்டுமன்று. அருகில் அமர்ந்து, "இது யார்? ஏன் அழுகிறான்?" என்று கேட்பதும் கண்காணிப்பே. கேட்கப்பட்ட பிள்ளை பேசத் தொடங்குவான். அவன் கதையைப் பற்றிப் பேசுகின்றான் என்று நீங்கள் எண்ணியிருக்க, அவன் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாம்.

நம் பங்கின் திருவிழாவையொட்டிக் கைப்பந்துப் போட்டி நடைபெற்றது. அவ்விளைஞன் ஈராண்டுகளுக்குப் பின் களத்தில் இறங்கினான். முதல் ஆட்டத்தில் அவன் அணி வென்றது. அடுத்ததில், பக்கத்துப் பங்கு அணியிடம் நன்றாகவே தோற்றது. மின்விளக்குகள் அணைக்கப்பட்டு, வலையும் அவிழ்க்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தனர்.

கோவில் திண்ணையில் ஒரு தாய் மட்டும், மகன் பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு வரும்வரை, ஒரு செம்பு நீருடன் அமர்ந்திருந்தார்.