நெசவாளர் இல்லத்தில் நூல் வைக்கும் இடம்

சங்கத்தில் நூற்கட்டைப் பெற்றுக்கொண்டு இல்லம் திரும்பும் அங்கத்தினர், அதனை எங்கே வைக்கிறார்? நாம் சென்று பார்த்த வீடுகள் பலவற்றில் தறிக்குழியின் ஓரத்திலேதான் கட்டுகள் கிடந்தன. நெய்பவருக்குக் கைக்கு எட்டும். தார் சுற்றும் பெண்களுக்கும் வசதி. ஆயினும் வீட்டிலுள்ள இடங்களுள் நூலுக்கு மிகவும் ஆகாத இடம் அதுவே என்பது நமது துணிபு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தறியில் ஓடும் பாவுக்கு ஈரம் வேண்டும். பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும்போது வலுப்பெறுகிறது. வறண்டால் அடிக்கடி அறுபடுகிறது. நம் முன்னோர் தறிக்கூடத்தின் மண்தரையில் நீர் தெளித்துக் குளிர்ச்சியாக வைத்திருந்ததன் பயன் இதுவே. ஆனால் நெய்யும் பாவுக்கு நன்மை செய்யும் அதே ஈரம், வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் நூலில் பூஞ்சணத்தை உண்டாக்குகிறது. கஞ்சி போட்ட பாவானால் கேட்கவே வேண்டாம். கஞ்சியே பூஞ்சணத்திற்கு உணவு. பூஞ்சணம் பிடித்த இடம் கறையாக நிற்பதோடு, பின்னர் சாயத்தையும் சரியாக ஏற்பதில்லை. ஆகவே தறி இருக்கும் கூடம் வேறு, நூல் இருக்கும் இடம் வேறு என்று பிரித்தே ஆகவேண்டும். ஒற்றை அறை வீடாயினும் எதிர்ச்சுவர் ஓரத்தையாவது இதற்கென ஒதுக்கலாம்.

ஈரம் பற்றிய மற்றொரு செய்தி அங்கத்தினரின் நாணயத்தையே தொடுவது. முற்றும் உலர்ந்த பருத்தி நூல் 100 கிலோவுக்கு 8½ கிலோ ஈரம் இயல்பு என்பது வாணிப வழக்கு. அந்தக் கணக்கில் 4½ கிலோ நிறுக்கும் கட்டில் உண்மையான பஞ்சு ஏறக்குறைய 4.15 கிலோதான், மீதி நீர். அக்கட்டு சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரையின் கீழே பரணில் கிடந்து, ஈரம் 8½ என்பது 5 ஆகக் குறைந்துவிட்டால், எடையில் சுமார் 145 கிராம் குறைந்துபோகும். ஓர் இழைகூட வெளியே போகவில்லை. ஆயினும் தராசு குறைவு காட்டுகிறது! கார்த்திகை மழையில் நேர்மாறாக எடை ஏறி நிற்கும். கோடையில் துணி ஒப்படைத்து, நூல் குறைவு என்று கூலியில் பிடித்தம் செய்யப்பட்டு, மனம் நொந்து நின்ற அங்கத்தினர் ஒருவரை நாம் அறிவோம். அவர் மேல் குற்றமில்லை. கணக்கு எழுதியவர் மேலும் பெருங்குற்றம் சொல்வதற்கில்லை. தராசு காட்டியதை அவர் எழுதினார்.

இதற்கு மாற்று, எடையோடு சிட்டங்களின் எண்ணிக்கையையும் பதிந்துகொள்வது. ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். எனவே 40-ஆம் நம்பர் நூலில் 10 ராத்தல் கட்டுக்கு, அதாவது சற்றேறக்குறைய 4½ கிலோவுக்கு, 400 சிட்டம் இருக்கவேண்டும். 60-ஆம் நம்பரில் 600. இந்த எண்ணிக்கை மழையில் ஏறாது, வெயிலில் இறங்காது. நூல் பெறும் அன்றே இரண்டையும் தேதியுடன் கணக்குப் புத்தகத்தில் எழுதச் செய்வது அங்கத்தினரின் உரிமை, கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை.

இனி, வைக்கும் முறை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பலகை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. கட்டுகளைப் பழைய வேட்டியால் மூடினால் போதும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுவோர் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமற் செய்துவிடுகின்றனர். அடுப்பங்கரையை அடுத்த சுவர் உலர்ந்ததுதான். எனினும் கரிப்புகை வெள்ளை நூலைக் கெடுக்கும். சன்னலோரத்து வெயிலில் சாயநூல் ஒரு பக்கம் மட்டும் வெளிறும்.

சாயநூலில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒரே அரக்கு நிறந்தான். ஆயினும் இரு வேறு நாட்களில் தொட்டியில் இறங்கிய நூல்கள் ஒன்றாக இரா. இரவு விளக்கொளியில் வேற்றுமை தெரிவதில்லை. ஊடையில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கிய இடம், மறுநாள் பகலில் சேலையின் குறுக்கே பட்டையாகத் தெரியும். பத்து நாள் உழைப்பு இரண்டாந்தரமாகிவிடுகிறது. சாயமிட்ட தேதி எழுதிய அட்டைத் துண்டு ஒன்றைக் கட்டுதோறும் கட்டிவைத்து, ஒரு தேதி நூல் தீர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடுவது நலம். மிஞ்சிய தார்களையும் அந்தந்த அட்டையோடு தனித்தனிப் பையில் போட்டு வைக்கலாம். எல்லா மிச்சத்தையும் ஒரே கூடையில் கொட்டுவதுதான் இத்தொல்லைக்கெல்லாம் மூலம்.

எலியும் இராமபாணப் பூச்சியும் கஞ்சியின் சுவையறிந்தவை. பயறு சேமிக்கும் நம் விவசாய அங்கத்தினர் கையாளும் வேப்பிலை இங்கும் உதவும். ஆனால் நிழலில் நன்கு உலர்ந்ததாக இருக்கட்டும், பச்சிலை நூலில் கறை படுத்தும். இரும்பு அச்சுகளை மழைக்காலத்தில் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்து, பாவில் ஏற்றுமுன் எண்ணெயை முற்றும் நீக்கவேண்டும்.

சரிகையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைக்கும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. ரப்பரில் கந்தகம் சேர்ந்துள்ளது. அது வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பருத்தி நூலால் கட்டி, துணியில் சுற்றி, தகரப்பெட்டியில் வைப்பதே முறை.

வீட்டிலேயே சாயம் தோய்ப்போருக்கு மட்டும் ஒரு சொல். ஹைட்ரோஸ் என்னும் தூளில் ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிவது. தோலையும் கண்ணையும் எரித்துவிடும். அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும். இவற்றைச் சர்க்கரை டப்பாவிலும் உப்புச் சாடியிலும் கொட்டி வைத்திருப்பதை நாம் கண்ணாரக் கண்டு நடுங்கியிருக்கிறோம். நாடாவைத் தேடிப் பலகையைத் துழாவுவது வீட்டுக் குழந்தைதான். சங்கத்திற்குச் சாயக்கூடம் இருக்குமாயின், இவ்விரண்டையும் அங்கேயே விட்டுவருக. இல்லையேல் பூட்டிய பெட்டி, தனித்தனி மூடிகள், மேலே பெரிய எழுத்தில் பெயர், சாவி பெரியவர்களிடம்.