படகின் அடியில் பாசி, திரையில் பொய்க் கணக்கு!

மவுஸின் அம்புக்குறி திரையில் தத்தளிக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? டிரைவர் சாப்ட்வேரை நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்கிறோம். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்கிறோம். வைரஸ் இருக்குமோ என்று தேடுகிறோம். கடைசியில் மவுஸைத் திருப்பிப் பார்த்தால், ஒளி வரும் சின்னத் துளையில் ஒரு தலைமுடி!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சாப்ட்வேர் இன்ஜினியரான நானே இதே தவறைச் செய்தேன். அதுவும் மேஜை மீது அல்ல, கடல் மீது!

படகில் லேப்டாப்

வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுதாம்ப்டனில் தங்கியிருந்தேன். என் அலுவலக நண்பர் ஒருவரிடம் சிறிய பாய்மரப் படகு இருந்தது. ஹேம்பிள் ஆற்றில் அதைக் கட்டி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, வைட் தீவில் உள்ள யார்மத் வரை போய் வரலாம் என்று அழைத்தார். நான் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படகில் இரண்டு வேகங்கள் உண்டு. ஜி.பி.எஸ். கருவி தருவது தரையை ஒப்பிட்ட வேகம். படகின் அடியில் உள்ள சென்சார் தருவது தண்ணீரை ஒப்பிட்ட வேகம். இரண்டையும் ஒப்பிட்டால் கடல் நீரோட்டம் தெரிந்துவிடும். ஓடும் ரயிலுக்குள் நடப்பவரைப் போலத்தான். அவர் நடக்கும் வேகம் வேறு, ஊரைக் கடக்கும் வேகம் வேறு.

இந்தத் தகவல்கள் என்.எம்.இ.ஏ. 0183 என்ற முறையில், நொடிக்கு 4800 பிட் வேகத்தில், எழுத்து வரிகளாக வரும். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். முதல் சொல் வி.எச்.டபிள்யூ என்று முடிந்தால் அது தண்ணீர் வேகம். யுஎஸ்பி கேபிள் வழியாக இவற்றைப் படித்து, நீரோட்டத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

இல்லாத நீரோட்டம்

சோலன்ட் கடற்கால்வாயில் போய்க்கொண்டிருந்தோம். ஜி.பி.எஸ். 5 நாட் என்றது. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.) சென்சார் 1.9 நாட் என்றது. என் புரோகிராம் கழித்துப் பார்த்து, நீரோட்டம் 3.1 நாட் வேகத்தில் நம்மைத் தள்ளுகிறது என்று காட்டியது.

அப்படியானால் இதே ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பும்போது படகு முன்னேறவே முடியாதே! இருட்டுவதற்குள் திரும்ப முடியாது, இரவு யார்மத்திலேயே தங்கிவிடுவோம் என்றேன். நண்பர் பதில் சொல்லாமல் நீரோட்ட வரைபடப் புத்தகத்தைப் புரட்டினார். அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஓட்டம் அரை நாட்தான் இருக்க வேண்டும். புத்தகத்தை நம்பி மாலையில் படகைத் திருப்பினார். வெளிச்சம் இருக்கும்போதே துறைக்கு வந்து சேர்ந்தோம்.

எனக்கோ ரோஷம். கேபிளை மாற்றினேன். டிரைவரை மீண்டும் இன்ஸ்டால் செய்தேன். புரோகிராமை வரிவரியாகச் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. கடைசியில் சென்சார் தரும் எண்ணை 2.6 ஆல் பெருக்கும்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று தூங்கப் போனேன்.

தண்ணீருக்கு அடியில் என்ன நடந்தது?

மறுநாள் காலை நண்பர் சென்சாரைக் கழற்றினார். பச்சைப் பாசி மண்டிக் கிடந்தது. பார்னக்கிள் என்னும் ஓடுள்ள சிற்றுயிர் ஒன்று அச்சின் அருகே கல் போல ஒட்டியிருந்தது.

இந்த சென்சார் கட்டை விரல் அளவிலான துடுப்புச் சக்கரம்தான். அதன் இதழ்களுக்குள் காந்தம் இருக்கும். படகு நகரும்போது தண்ணீர் அதைச் சுழற்றும். காந்தம் கடக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ஹால் சென்சார் ஒரு மின்துடிப்பை அனுப்பும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், ஒரு கடல் மைலுக்கு 20,000 துடிப்புகள். 5 நாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 28. கருவி செய்வதெல்லாம் இவற்றை எண்ணுவதுதான்.

கடலில் வைத்த எந்தப் பொருளின் மீதும் சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்ப் படலம் உருவாகிவிடும். பிறகு வழவழப்பு, பிறகு பாசி, பார்னக்கிள் என்று குடியேற்றம் தொடரும். படகு ஓடாமல் நிற்கும் நாட்களில், அதுவும் கோடையில், இது வேகமாக வளரும். சக்கரம் முழுதாக நின்றுவிட்டால் திரையில் பூஜ்யம் வரும்; கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். பாதி அடைபட்டு மெதுவாகச் சுற்றினால்தான் ஆபத்து. நம்பும்படியான ஓர் எண் வரும். கம்ப்யூட்டர் அதை அப்படியே ஏற்று, நீரோட்டத்தையும் காற்றின் உண்மையான வேகத்தையும் தவறாகக் கணக்கிட்டுத் தரும்.

பாசியைத் தடுப்பது எப்படி?

நண்பர் அன்று எனக்குக் கற்றுத் தந்தவை இவை:

1. படகு துறையில் நிற்கும் நாட்களில் சென்சாரைக் கழற்றி, அதே அளவுள்ள அடைப்பானைப் பொருத்த வேண்டும். வளர்வது அடைப்பானில் வளரட்டும்! ஆனால் கவனம். 50 மி.மீ. துளை தண்ணீர் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால், நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே பாயும். அடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டுதான் சென்சாரைத் தொட வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் வால்வு சில மாடல்களில் உண்டு. அது கசிவைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது.

2. கழற்றிய சென்சாரை நல்ல தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பார்னக்கிளின் ஓடு சுண்ணாம்புப் பொருள் என்பதால் வினிகரில் ஊற வைத்தால் இளகும். தின்னர், அசிட்டோன் கூடவே கூடாது. பிளாஸ்டிக் கெட்டுவிடும்.

3. பாசித் தடுப்பு பெயின்ட் பூசலாம். சென்சாருக்கு என்றே விற்கப்படும், தண்ணீர் அடிப்படையிலான பெயின்ட்தான் ஏற்றது. மெல்லிய ஒரு பூச்சு போதும். தடிமனானால் சக்கரமே மாட்டிக்கொள்ளும். துளையின் உட்புறத்திலும் அடைப்பானின் அடிமுகத்திலும் பூச மறக்காதீர்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் டி.பி.டி. என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் பெரிதும் பயன்பட்டது. அது சிப்பிகளைப் பாதித்ததால், சிறிய படகுகளில் பிரான்ஸ் 1982லும் பிரிட்டன் 1987லும் தடை செய்தன. 2008ல் உலக அளவிலான தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

4. சக்கரமே இல்லாத மீயொலி சென்சார்களும் வந்துவிட்டன. தண்ணீரில் மிதக்கும் துகள்கள் ஒரு உணரியிலிருந்து அடுத்ததற்கு வர எடுக்கும் நேரத்தை வைத்து இவை வேகத்தைக் கணிக்கின்றன. சுழலும் பாகம் இல்லாததால் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் முகப்பில் பாசி படியும்; துடைக்கத்தான் வேண்டும்.

13 நாட் வேகம்!

சுத்தம் செய்த சென்சாரை மாட்டிக்கொண்டு மீண்டும் கடலுக்குப் போனோம். ஜி.பி.எஸ். 5 நாட் என்றது. என் புரோகிராமோ 13 நாட் என்றது! முந்தின இரவு நான் சேர்த்த 2.6 பெருக்கல் அப்படியே இருந்தது. நண்பர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. அந்த ஒரு வரியை அழித்தேன். திரையில் 5 வந்தது.

அளவைத் திருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சென்சாரைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு ஒரே தூரத்தைப் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் ஓட்டி, இரண்டின் சராசரியை ஜி.பி.எஸ்.ஸின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். போக வர ஓட்டுவதால் நீரோட்டத்தின் பாதிப்பு நீங்கிவிடும். அழுக்கோடு திருத்தினால், அழுக்கையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றியதாகிவிடும். நான் செய்தது அதைத்தான்.

உங்கள் வீட்டில் பாய்மரப் படகு இருக்காது. ஆனால் மவுஸின் துளை, வெப் கேமராவின் கண்ணாடி, ஸ்கேனரின் தட்டு, பிரிண்டரின் முனை எல்லாமே கம்ப்யூட்டர் வெளியுலகைத் தொடும் இடங்கள்தான். அடுத்த முறை ஏதாவது தகராறு செய்தால், இன்ஸ்டால் சிடியைத் தேடும் முன் ஒரு மென்மையான துணியைத் தேடுங்கள். முக்கியமாக, திரையில் வரும் எண் நம்பும்படியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புத்தகமோ, இன்னொரு கருவியோ பக்கத்தில் இருக்கட்டும்!