ஜாவா பயன்பாட்டு வழங்கியின் கட்டமைப்பு: பந்தலூர் வட்டார அஞ்சலகப் பணப் பரிமாற்றத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வங்கி, அஞ்சலகம், ஆய்வேட்டுக் களஞ்சியம் ஆகியவற்றின் பின்புலத்தில் இயங்கும் ஜாவா பயன்பாட்டு வழங்கியின் உட்கட்டமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது. கொள்கலன், இணைப்புத் தேக்கம், பரிவர்த்தனை மேலாளர், நுண்கரு ஆகிய உறுப்புகளின் பணிகள் பந்தலூர் போன்ற மலைப்பகுதி அஞ்சலகம் ஒன்றில் நிகழும் பணப் பரிமாற்றத்தின் வழியே எடுத்துரைக்கப்படுகின்றன. வழங்கி தரும் உறுதி எதுவரை செல்லும், எங்கு முடியும் என்பதைத் தெளிவுபடுத்துவதே கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: பயன்பாட்டு வழங்கி, கொள்கலன், பரிவர்த்தனை, இணைப்புத் தேக்கம், ஒருங்குறி, பந்தலூர்.

முன்னுரை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பந்தலூர் வட்டம். தேயிலைத் தோட்டங்களே இதன் பொருளாதார அடித்தளம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்வழித் தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர்களின் மறுவாழ்வுக்காகத் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் திட்டமே பின்னாளில் 'டான்டீ' எனச் சுருக்கமாக வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அதன் தோட்டங்கள் பல இவ்வட்டத்தில் உள்ளன. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த இப்பகுதியில், ஒரு கணக்கில் கழிக்கப்பட்ட தொகை மற்றொரு கணக்கில் வரவு வைக்கப்படாமற் போவது வெறும் தொழில்நுட்பக் கோளாறாக நின்றுவிடாது. அது ஒரு வீட்டின் அவ்வாரச் செலவைப் பாதிக்கும்.

இந்திய அஞ்சல்துறை தன் சேமிப்பு வங்கிப் பணிக்கு இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் 'ஃபினக்கிள்' என்னும் மைய வங்கி மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. அத்துறையின் முதல் தானியங்கிப் பண இயந்திரம் 2014 பிப்ரவரியில் சென்னை தியாகராய நகரில் தொடங்கிவைக்கப்பட்டது. இவ்வகை மைய வங்கி அமைப்புகளுக்கு அடித்தளம் அமைத்த தொழில்நுட்பங்களுள் ஜாவா வணிகத் தளம் முதன்மையானது. பின்வரும் விளக்கம் தனியொரு நிறுவன மென்பொருளின் உள்ளமைப்பைச் சுட்டுவதன்று. அத்தளத்தின் பொது விதிகளையே எடுத்துக்கொள்கிறது.

வரலாற்றுப் பின்னணி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் ஜாவா மொழியை வெளியிட்டது. 1998இல் 'என்டர்பிரைஸ் ஜாவாபீன்' என்னும் கூறுகளுக்கான வரையறையும், 1999 டிசம்பரில் இத்தகைய வரையறைகளை ஒருங்கே தொகுத்த ஜே2ஈஈ 1.2 பதிப்பும் வெளிவந்தன. இவை மென்பொருள்கள் அல்ல. ஒரு வழங்கி எவ்வெப்பணிகளைச் செய்யவேண்டும் என்று கூறும் உடன்பாடுகள். அவ்வுடன்பாட்டை ஏற்று வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், கிளாஸ்ஃபிஷ் முதலிய வழங்கிகள் உருவாயின. ஆரக்கிள் நிறுவனம் 2017இல் இத்தளத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு ஒப்படைக்க முன்வந்தது. இன்று இது 'ஜகார்த்தா ஈஈ' என்னும் பெயரால் வழங்குகிறது.

உடன்பாடு வேறு, அதனை நிறைவேற்றும் வழங்கி வேறு என்ற இப்பிரிவு அடிப்படையானது. வரையறையை மட்டும் சார்ந்து எழுதப்பெற்ற நிரலைப் பேரளவு மாற்றமின்றி ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல இயலும். ஒரு பொதுத்துறை நிறுவனம் தனியொரு விற்பனையாளரிடம் சிக்கிக்கொள்ளாதிருக்க இது வழிசெய்கிறது.

கொள்கலனும் கூறும்

பந்தலூர் அஞ்சலகம் ஒன்றில், தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து 2,000 ரூபாயை மகளின் தொடர்வைப்புக் கணக்கிற்கு மாற்றுகிறார் எனக் கொள்வோம். அலுவலர் திரையில் விவரங்களை இட்டு அனுப்பியதும் அக்கோரிக்கை தொலைவிலுள்ள தரவு மையத்தை அடைகிறது. அங்கு முதலில் எதிர்கொள்வது இணையக் கொள்கலன். அது தன்னிடமுள்ள செயல் இழைகளுள் ஒன்றை இக்கோரிக்கைக்கு ஒதுக்கி, உரிய சர்வ்லெட்டிடம் ஒப்படைக்கிறது. சர்வ்லெட் கோரிக்கையைப் படித்துப் பொருளுணர்ந்து, வணிகக் கூறினை அழைக்கிறது. வணிகக் கூறு வாழும் இடம் இரண்டாவது கொள்கலன். அதற்கும் அப்பால் தரவுத்தளம் உள்ளது.

வணிகக் கூறினை எழுதும் நிரலர் எழுதுவது மிகச் சில வரிகளே: இருப்பைச் சரிபார், ஒரு கணக்கில் கழி, மற்றொன்றில் கூட்டு. அழைத்தவர்க்கு உரிமை உண்டா, பரிவர்த்தனை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது, ஒரே நேரத்தில் பலர் அழைத்தால் என்ன செய்வது ஆகிய வினாக்களுக்கு அவ்வரிகளில் விடை இராது. அவற்றைக் கொள்கலனே கவனிக்கிறது. கூறினை வெளியிலிருந்து எவரும் நேரடியாகத் தொடுவதில்லை. கொள்கலன் நிறுத்திய பதிலியையே அழைக்கின்றனர். பதிலிக்கும் கூறுக்கும் இடையே இடைமறிப்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று உரிமையைச் சோதிக்கிறது. மற்றொன்று பரிவர்த்தனையைத் தொடங்குகிறது. கூறு தன் பணியை முடித்துத் திரும்புகையில் அதுவே பரிவர்த்தனையை முடித்துவைக்கிறது.

இதிலிருந்து பெறப்படும் ஓர் உண்மை கற்பிப்போர் வலியுறுத்தத் தக்கது. கூறு தன்னுள் இருக்கும் மற்றொரு செயற்பாட்டைத் தானே நேராக அழைத்துக்கொண்டால், அவ்வழைப்பு பதிலியைக் கடந்து செல்வதில்லை. ஆதலால் அச்செயற்பாட்டிற்கெனக் குறித்த பரிவர்த்தனை விதியும் நடைமுறைக்கு வராது.

இணைப்புத் தேக்கம்

தரவுத்தளத்துடன் புதிய இணைப்பு ஒன்றை ஏற்படுத்துவது நேரம் பிடிக்கும் செயல். ஆகவே வழங்கி சில இணைப்புகளை முன்னரே திறந்து ஒரு தேக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டுவோர்க்கு இரவலாகத் தந்து, பணி முடிந்ததும் திரும்பப் பெறுகிறது. ஒரு தேக்கத்தின் இயல்பான மேல்வரம்பு வைல்ட்ஃபிளை வழங்கியில் 20, கிளாஸ்ஃபிஷில் 32. இவ்வரம்புகள் தேவைக்கேற்ப மாற்றத் தக்கவை.

இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு பணிக்கு அரை நொடி தேவைப்படுகிறது எனில், 20 இணைப்புகளைக் கொண்ட தேக்கம் நொடிக்கு 40 பணிகளை முடிக்கும். 41ஆவது பணி காத்திருக்கத் தொடங்கும். கூலி நாளன்று பல அலுவலகங்களிலிருந்து கோரிக்கைகள் ஒருசேர வரும்போது திரை உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வரம்பைக் கண்மூடித்தனமாக உயர்த்துவது தீர்வன்று. நெருக்கடி வழங்கியிலிருந்து தரவுத்தளத்திற்கு இடம்பெயரும். பணி ஒன்றுக்கு ஆகும் நேரத்தைக் குறைப்பதே முதற்கண் செய்யத்தக்கது.

பரிவர்த்தனை மேலாளர்

கழித்தலும் கூட்டலும் இரண்டும் நிகழவேண்டும், அல்லது இரண்டும் நிகழாதிருக்கவேண்டும். இதுவே பரிவர்த்தனையின் முதற் பண்பு. இரு கணக்குகளும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பின் அத்தரவுத்தளமே இதனை உறுதிசெய்துவிடும். கணக்கு மாற்றத்துடன் குறுஞ்செய்தி அனுப்புமாறு ஒரு செய்தி வரிசையிலும் பதிவு செய்யவேண்டுமெனில், இரு வேறு அமைப்புகளை ஒருங்கிணைக்கும் தேவை எழுகிறது. அப்போது பரிவர்த்தனை மேலாளர் இருகட்ட உறுதிப்படுத்தலைக் கையாளுகிறது. முதற்கட்டத்தில் இரண்டையும் நோக்கி 'ஆயத்தமா?' என வினவுகிறது. இரண்டும் ஆம் என்றால் தன் முடிவை நிலையான குறிப்பேட்டில் எழுதிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் உறுதிசெய்யப் பணிக்கிறது. ஒன்று மறுப்பினும் இரண்டும் பழைய நிலைக்கு மீள்கின்றன. முடிவை எழுதியபின் வழங்கி மின்தடையால் நின்றுபோனாலும், மீண்டும் இயங்கியவுடன் குறிப்பேட்டைப் படித்து எஞ்சிய பணியை நிறைவேற்றும். அதுவரை தொடர்புடைய கணக்குகள் பூட்டப்பட்டிருக்கும் என்பது இம்முறைக்குரிய விலை.

பரிவர்த்தனை முடிவின்றி நீளாதிருக்கக் கால வரம்பும் உண்டு. வெப்லாஜிக்கில் இயல்பான வரம்பு 30 நொடி. வைல்ட்ஃபிளையில் 300 நொடி.

இங்குப் பிழை நுழையும் வாயில் ஒன்றுள்ளது. எதிர்பாராத இயக்கப் பிழை நேர்ந்தால் கொள்கலன் தானாகவே பரிவர்த்தனையைப் பின்வாங்கச் செய்யும். ஆனால் 'இந்த வைப்புக் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது' என்பது போல, நிரலரே வரையறுத்து அறிவிக்கும் வணிகநிலைப் பிழைகளுக்கு அது இயல்பாகப் பின்வாங்குவதில்லை. வெளிப்படையாகக் கூறினால் மட்டுமே பின்வாங்கும். கழித்தல் முடிந்தபின் இத்தகைய பிழை எழுந்து, நிரலரும் கூறாது விட்டிருந்தால், கழித்த தொகை கழித்ததாகவே உறுதிசெய்யப்படும். வழங்கி தவறவில்லை, உடன்பாட்டின்படியே நடந்தது. இழப்போ கணக்கிற்குரியவரைச் சார்கிறது.

உறுதியின் எல்லை

வழங்கியின் உறுதி அதன் வாயிலோடு முடிகிறது. பரிமாற்றம் தரவு மையத்தில் செம்மையாக நிறைவேறியபின், அதன் மறுமொழி மலைமேலுள்ள அஞ்சலகத்தை வந்தடையும் முன் மழையால் தொடர்பு அறுந்தது எனக் கொள்வோம். அலுவலர்க்குத் தெரிவது தோல்வி. உண்மையில் நிகழ்ந்தது வெற்றி. அவர் மீண்டும் பொத்தானை அழுத்தினால் வழங்கிக்கு அது புதியதொரு கோரிக்கையே. 2,000 ரூபாய் இருமுறை மாற்றப்படும். இதனைப் பரிவர்த்தனை மேலாளரால் தடுக்க இயலாது. கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் அனுப்பும் முனையிலேயே தனி எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தால் பழைய மறுமொழியையே திருப்பி அளிக்கும் முறையை வணிகக் கூறிலேயே அமைத்தல் வேண்டும்.

வங்கிகளுக்கு இடையிலான பரிமாற்றங்களில் இருகட்ட உறுதிப்படுத்தல் நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரு வங்கி தன் கணக்குகளை மற்றொரு வங்கியின் விடைக்காகப் பூட்டிவைக்க முடியாது. அங்குச் செய்திகளும், தவறினால் எதிர்ப்பதிவும், நாள் முடிவில் ஒப்புநோக்கலுமே வழி. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை இவ்விடைவெளியையே கருத்திற் கொண்டது. தானியங்கி இயந்திரத்தில் கணக்கு கழிக்கப்பட்டுப் பணம் வராதுபோனால், பரிமாற்ற நாளை அடுத்த 5 நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வரவு வைக்கப்படவேண்டும். தவறினால் தாமதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரப்படவேண்டும். கட்டமைப்பால் நிரப்பவியலாத இடத்தைச் சட்டநெறி நிரப்புகிறது எனலாம்.

நுண்கருவும் வகுப்பேற்றிகளும்

இத்தனை பணிகளும் ஒரே வழங்கியில் எங்ஙனம் ஒன்றிணைகின்றன? ஜேபாஸின் 3, 4ஆம் பதிப்புகள் ஜாவா மேலாண்மை நீட்சியை நுண்கருவாகக் கொண்டன. சிறிய மையம் ஒன்றில் சேவைகள் ஒவ்வொன்றும் செருகப்படும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சேவையை நிறுத்தவும் மாற்றவும் இயலும். 2011இல் வெளிவந்த 7ஆம் பதிப்பு, சேவைகளின் சார்புகளைக் கணக்கிட்டு, ஒன்றையொன்று சாராதவற்றை ஒரே நேரத்தில் தொடங்குமாறு திருத்தியமைக்கப்பட்டது. பின்னர் அவ்வழங்கி வைல்ட்ஃபிளை எனப் பெயர் மாறியது. பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் தனி வகுப்பேற்றி இருப்பதால், ஒரே நூலகத்தின் இரு வேறு பதிப்புகளை இரு பயன்பாடுகள் மோதலின்றிப் பயன்படுத்த முடிகிறது.

எல்லாப் பயன்பாட்டிற்கும் இம்முழுமை தேவையில்லை. ஆய்வாளர்கள் நாளும் பயன்படுத்தும் 'சோத்கங்கா' ஆய்வேட்டுக் களஞ்சியம் டிஸ்பேஸ் என்னும் ஜாவா மென்பொருளின் மேல் அமைந்தது. டிஸ்பேஸ் இயங்குவதற்கு டாம்கேட் என்னும் இணையக் கொள்கலனே போதுமானது. ஆய்வேட்டைப் படிக்கையில் தொடர்பு அறுந்தால் மீண்டும் தரவிறக்கிக்கொள்ளலாம்; இழப்பு ஏதுமில்லை. படித்தல் மிகுந்த பணிக்கு எளிய கொள்கலனும், பல அமைப்புகளில் பரவிய பரிமாற்றத்திற்கு முழு வழங்கியும் என்பது தெரிவுக்கான நல்ல அளவுகோல்.

தமிழ்ப் பெயர்களின் நிலை

தமிழில் பெயரைப் பதிவுசெய்யும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. கோரிக்கையில் குறியாக்கம் சுட்டப்படாவிடில், சர்வ்லெட் வரையறையின் இயல்பான நிலை ஐ.எஸ்.ஓ-8859-1. அதில் தமிழுக்கு இடமில்லை. அனுப்பிய எழுத்துகள் பொருளற்ற குறிகளாகச் சிதையும். யூ.டி.எஃப்-8 எனச் சுட்டினும் நீளக் கணக்கில் கவனம் வேண்டும். 'நெல்லியாளம்' என்பது 6 எழுத்துகள்; ஒருங்குறியில் 11 குறியீடுகள்; யூ.டி.எஃப்-8இல் 33 பைட்டுகள். 30 பைட்டு எல்லையில் அது வெட்டப்பட்டால் இறுதிப் புள்ளி நீங்கி 'நெல்லியாளம' என நிற்கும். ஆவணங்களில் பெயர் ஒத்திருத்தலை நம்பி உரிமை பெறும் மக்களுக்கு ஒரு புள்ளியின் இழப்பும் சிறிதன்று.

முடிவுரை

ஜாவா பயன்பாட்டு வழங்கி, வணிகத் தருக்கத்தை அதன் சூழற்பணிகளிலிருந்து பிரித்து, உரிமை, இணைப்பு, பரிவர்த்தனை ஆகியவற்றைத் தானே ஏற்றுக்கொள்கிறது. பல அமைப்புகளில் பரவிய செயல்களையும் ஒருமைப்படுத்தி நிறைவேற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. எனினும் எப்பிழைக்குப் பின்வாங்கவேண்டும், மீண்டும் வந்த கோரிக்கையை எங்ஙனம் அடையாளம் காணவேண்டும், பெயருக்கு எத்துணை இடம் ஒதுக்கவேண்டும் ஆகியன நிரலரின் முடிவுகளே. ஆகவே இப்பாடத்தைக் கற்பிக்கையில் வழங்கியின் உறுப்புகளை மட்டும் பட்டியலிடாது, தொடர்பு அறும் ஓர் ஊரிலிருந்து வரும் ஒரு கோரிக்கையை முழுவதும் பின்தொடர்ந்து காட்டுவது மாணவர்க்கு மிகுந்த தெளிவைத் தரும்.