எந்த மென்பொருள் நல்லது? வரிக் கணக்கு அலுவலகத்தில் ஓர் அறிவியல் சோதனை

மாணவர்களே, தானா ராத்தாவில் நான்கு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய வரிக் கணக்கு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காய்கறித் தோட்டக்காரர், தங்கும் விடுதி நடத்துபவர், லாரி வைத்திருப்பவர், தேநீர்க் கடைக்காரர் என்று 300 வாடிக்கையாளர்கள் அதற்கு உண்டு. உர ரசீதும் வாடகைச் சீட்டும் அட்டைப் பெட்டியில் வருகின்றன. சில ரசீதுகள் புலனத்தில் படமாக வருகின்றன. சில வருவதே இல்லை.

ஆனால், காலக்கெடு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நம் நாட்டில் சம்பளம் வாங்குவோருக்கான பி.இ. படிவத்தின் கடைசி நாள் ஏப்ரல் 30. சொந்தத் தொழில் செய்வோரின் பி படிவத்துக்கு ஜூன் 30. இணையம்வழி அனுப்பினால் 15 நாள் சலுகை கிடைக்கும். நிறுவனங்களோ தங்கள் கணக்காண்டு முடிந்த 7 மாதங்களுக்குள் சி படிவத்தை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்காண்டும் வெவ்வேறு மாதத்தில் முடியலாம் என்பதால், கெடுவும் ஆளுக்கு ஆள் மாறும். வரி அறிக்கை அனுப்பத் தவறியதாக நீதிமன்றத்தில் நிரூபணமானால் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், சிறைத் தண்டனை என்று வருமான வரிச் சட்டம் கூறுகிறது. அலுவலகத்தில் ஒரு கோப்பு மறந்துபோனால், சிக்கலில் மாட்டுவது அந்தத் தோட்டக்காரர்தான்.

இதற்காகவே அலுவலக நிர்வாக மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. இவை கணக்கு மென்பொருளிலிருந்து வேறுபட்டவை. கணக்கு மென்பொருள் வரவு செலவைக் கூட்டிக் கழிக்கும். நிர்வாக மென்பொருள், யாருடைய கோப்பு யார் கையில் இருக்கிறது, எந்தத் தாள் குறைகிறது, கெடு என்றைக்கு என்பதைச் சொல்லும். சந்தையில் பல உள்ளன. எதை வாங்குவது? விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். அறிவியல் பாடத்தில் கற்றதைக் கொண்டும் முடிவெடுக்கலாம்.

தேநீர்க் கடை தந்த பாடம்

உலகில் அலுவலக வேலைக்கு முதன்முதலாகக் கணினியைப் பயன்படுத்தியது ஒரு தேநீர் நிறுவனம் என்பது தேயிலை மலையில் வாழும் நமக்கு வியப்பாக இருக்கும். பிரிட்டனில் ஏராளமான தேநீர்க் கடைகளை நடத்திய லயன்ஸ் நிறுவனம், 1947-இல் தன் அதிகாரிகள் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, புதிதாகப் பிறந்திருந்த கணினிகளைப் பார்த்து வரச் செய்தது. பிறகு, தானே ‘லியோ’ என்ற கணினியை உருவாக்கியது. 1951-இல் அது ரொட்டி, கேக் உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடத் தொடங்கியது.

அவர்கள் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். கணினியிடம் வேலையைக் கொடுக்கும் முன், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக ஆராய்ந்தார்கள். கடைகளின் அன்றாடச் சரக்குத் தேவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டார்கள். ஆகவே, ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழக்கமான பட்டியலைக் கணினியில் வைத்துவிட்டு, மாற்றம் இருந்தால் மட்டும் கடை மேலாளர் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்தார்கள். முதலில் வேலையைப் புரிந்துகொள், பிறகு இயந்திரத்தைத் தேடு என்பதே அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

கோப்புகள் எங்கே தேங்குகின்றன?

நம் அலுவலகத்துக்கு வருவோம். அதன் வேலையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சூத்திரம் உதவும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-இல் இதற்கு நிரூபணம் தந்தார். காத்திருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை = ஒரு நாளில் வருபவை × ஒன்று தங்கும் சராசரி நாள்கள். வங்கி வரிசைக்கும் மருத்துவமனைக்கும் இதே சூத்திரம்தான்.

தினமும் 6 கோப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் முடிய 15 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 × 15 = 90. எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் மேசைகளில் சுமார் 90 கோப்புகள் இருக்கும். அந்த 15 நாளும் யாராவது கணக்குப் போட்டுக்கொண்டா இருக்கிறார்கள்? ஒரு கோப்பை நாள்வாரியாகக் குறித்துப் பாருங்கள். கணக்கு வேலை 2 நாள், சரிபார்ப்பு 1 நாள், மீதி 12 நாளும் விடுபட்ட ரசீதுக்காகக் காத்திருப்பு என்று தெரிய வரலாம். அப்படியானால், வேகமாகத் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருளால் பெரிய பயன் இல்லை. ‘இந்த மூன்று ரசீதுகள் இன்னும் வரவில்லை’ என்று வாடிக்கையாளருக்குத் தானாகவே நினைவூட்டும் மென்பொருள்தான் தேவை. காத்திருப்பு 5 நாள் குறைந்தாலே 6 × 10 = 60. புதிதாக ஆள் சேர்க்காமலே மேசையிலிருந்து 30 கோப்புகள் குறைந்துவிடும்.

எடை போட்டுப் பார்ப்போம்

அடுத்து, தேவைகளுக்கு எடை கொடுக்க வேண்டும். கெடுவை நினைவூட்டல் 5, விடுபட்ட ஆவணத்தைக் கேட்டு வாங்குதல் 4, தரவை வெளியே எடுக்கும் வசதி 4, விலை 2, திரையின் அழகு 1 என்று வைப்போம். இப்போது இரண்டு மென்பொருள்களுக்கு இதே வரிசையில் ஐந்துக்கு மதிப்பெண் போடுவோம்.

‘அ’ மென்பொருள்: 3, 2, 2, 5, 5. கூட்டினால் 17.
‘ஆ’ மென்பொருள்: 4, 4, 4, 2, 2. கூட்டினால் 16.

வெறும் கூட்டலில் ‘அ’ வெல்கிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். ‘அ’வுக்கு 46, ‘ஆ’வுக்கு 58! மலிவும் அழகும் நம் கண்ணை மறைத்திருந்தன. ஒன்றை மறக்காதீர்கள்: விற்பனையாளர் செயல்விளக்கம் காட்டும் முன்பே எடைகளை எழுதி வைத்துவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால், மனத்துக்குப் பிடித்ததற்கே எடையைக் கூட்டிவிடுவோம். பரிசோதனைக்கு முன்பே கருதுகோளை எழுதச் சொல்வதும் இதனால்தான்.

பிறகு நேர்மையான சோதனை. இரண்டு மென்பொருளிலும் அதே 10 பழைய கோப்புகளை, அதே ஊழியரைக் கொண்டு செய்து பார்க்க வேண்டும். இங்கே மென்பொருள் தற்சார்பு மாறி. கோப்பு முடிய ஆகும் நேரமும் பிழைகளின் எண்ணிக்கையும் சார்பு மாறி. கோப்புகளும் ஊழியரும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஆனால் இரண்டாம் முறை செய்யும்போது கோப்பு பழகிப்போயிருக்கும் அல்லவா? ஆகையால், பாதிக் கோப்புகளை ‘அ’விலும் மீதியை ‘ஆ’விலும் முதலில் செய்ய வேண்டும்.

வாசலை விட்டு வெளியேற வழி உண்டா?

தரவை வெளியே எடுக்கும் வசதிக்கு ஏன் 4 எடை? வரி தொடர்பான ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மென்பொருளை விற்ற நிறுவனம் அதற்குள் மூடப்படலாம், கட்டணத்தை உயர்த்தலாம். அப்போது நம் கோப்புகளை வேறு மென்பொருள் படிக்கும் வடிவில் எடுத்துச் செல்ல முடியாவிட்டால், நாம் அங்கேயே மாட்டிக்கொள்வோம். வாங்கும் முன்பே ஒரு கோப்பை வெளியே எடுத்து, சாதாரண விரிதாளில் திறந்து பார்ப்பது நல்லது.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் மின்-விலைப்பட்டியல் கட்டாயமானது. பின்னர், அது படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கேற்ப மென்பொருளும் மாற வேண்டும். யார் மாற்றித் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டு வைக்க வேண்டும். மேகக் கணினியில் இயங்கும் மென்பொருள் என்றால், மழைக்காலத்தில் இணையம் அறுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். ஒருவரின் வருமானம் அவருடைய சொந்த விவகாரம். அதை அலுவலகத்தில் யார் யார் திறந்து பார்க்கலாம் என்று வரையறுக்க முடிகிறதா என்பதும் முக்கியம்.

இதைச் செய்து பார்க்க நீங்கள் கணக்காளராக வேண்டியதில்லை. பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் திரும்பி வந்ததிலிருந்து மீண்டும் அடுக்கில் ஏறும்வரை எத்தனை நாள் ஆகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தினமும் வரும் புத்தகங்களின் எண்ணிக்கையை அந்த நாள்களால் பெருக்குங்கள். மேசையில் கிடக்கும் புத்தகங்களை எண்ணி, விடை பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். நூலகத்துக்குப் புதிய மென்பொருள் தேவையா, அல்லது அடுக்கி வைக்க இன்னும் இரண்டு கைகள் போதுமா என்பது அந்தக் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.